தலைவலியும் பக்கவாதமும்: மருந்துக்கடைக்கு வரும் கேள்விகள்

வலங்கைமான் பக்கம் ஒரு கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நாள் தவறாமல் விற்பது தலைவலி மாத்திரைதான். நாற்று நடவு, களை பறிப்பு, அறுவடை என்று எந்தப் பருவமானாலும் "அண்ணே, மண்டையிடிக்கு ஒண்ணு குடுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவேன். சிலருக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒரு தை மாதம், அறுவடை மும்முரத்தில், ஒருவர் மனைவியை வண்டியில் கூட்டி வந்தார். "காலையிலேருந்து மண்டையைப் பிளக்குதுங்கிறா" என்றார். அந்த அம்மா இறங்கி நாலு எட்டு நடந்து கவுன்ட்டருக்கு வந்தார். இடது கால் செருப்பு வண்டிக்குப் பக்கத்திலேயே கழன்று கிடந்தது. வெறுங்காலில் சுடுகிற தார்ரோட்டில் நிற்கிறார், அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். வலது கை நின்றது, இடது கை மெல்ல இறங்கியது. மாத்திரை டப்பாவை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிட்டேன். ஸ்கேனில் வலது பக்க மூளையில் ரத்தக்கசிவு என்று வந்தது.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களின் கேள்விகள் மாறிவிட்டன. அடிக்கடி வருகிறவற்றை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பக்கவாதம் வந்தா தலை வலிக்குமா?

வலிக்கலாம், வலிக்காமலும் போகலாம். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அடைப்புதான். அடைப்பு வந்தவர்களில் தலைவலி சொல்கிறவர்கள் சிறுபான்மை. ஏறக்குறைய நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆய்வுக்கு ஆய்வு இது மாறும். மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்குத் தலைவலி இருக்கும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கு அடியில் கசிந்தால், நினைவோடு இருக்கும் அத்தனை பேரும் ஏறக்குறைய தலையைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

ஆக, "தலைவலியே இல்லையே, இது பக்கவாதமா இருக்காது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு விடியும் வரை படுக்க வைப்பது பெரிய தவறு. வாய் கோணி, கை விழுந்து, ஒரு துளி வலிகூட இல்லாமல் வருவதுதான் அதிகம். நெஞ்சு வலித்தால் ஓடுகிற நம் ஜனம், வலிக்காத நோய்க்கு ஓடாது. கைகால் இழுத்துக்கொண்டவரைக்கூட "காலையில பாத்துக்கலாம்" என்று கயிற்றுக்கட்டிலில் போடுவதற்கு இதுதான் காரணம்.

ஒரே நோய்தானே, ஏன் ஒருத்தருக்கு வலிக்குது, ஒருத்தருக்கு வலிக்கலை?

மூளைக்கு வலி தெரியாது. நம்ப முடியாது, ஆனால் உண்மை. வலி தெரிவது மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் பெரிய ரத்தக்குழாய்களின் சுவருக்கும்தான். ரத்தம் கசிந்து சவ்வை உரசினாலோ, உள்ளே அழுத்தம் கூடினாலோ, குழாயின் சுவர் கிழிந்தாலோ வலிக்கும். ஆழத்தில் ஒரு பொடிக்குழாய் அடைத்து மிளகளவு இடம் செத்துப்போனால் வலி எங்கிருந்து வரும்? தலையின் பின்பக்கம் போகும் குழாய்களில் அடைப்பு வந்தவர்களுக்கு, முன்பக்கத்தில் வந்தவர்களைவிடத் தலைவலி அதிகம் வருகிறது.

அப்ப எந்தத் தலைவலிக்குப் பயப்படணும்?

எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எப்படி ஆரம்பித்தது என்று கேளுங்கள். கடையில் நான் கேட்கிற முதல் கேள்வி: "வலி ஆரம்பிச்சப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

சாதாரணத் தலைவலிக்காரர் யோசிப்பார். "மத்தியானத்துலேருந்து லேசா இருந்துச்சு, சாயங்காலம் கூடிருச்சு" என்பார். ரத்தக்கசிவுக்காரர் யோசிக்க மாட்டார். "நெல்லு மூட்டையத் தூக்கி வச்சேன், மண்டையில யாரோ கட்டையால போட்ட மாதிரி இருந்துச்சு" என்று அந்த நொடியையே சொல்வார். ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும் வலி அது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வலி வந்ததில்லை என்பார்கள். மூட்டை தூக்கும்போது, மலம் கழிக்க முக்கும்போது, பலமாக இருமும்போது, உடலுறவின்போது வரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரலாம். கூடவே வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை, சில மணி நேரத்தில் குனிய முடியாமல் கழுத்து விறைப்பு.

மூளையின் ரத்தக்குழாயில் சைக்கிள் டியூப் பலூன் மாதிரி ஒரு இடம் புடைத்திருந்து அது வெடிப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். சிலருக்குப் பெரிதாக வெடிப்பதற்குச் சில நாளோ சில வாரமோ முன்னால் ஒரு சின்னக் கசிவு ஏற்பட்டு, அதே மாதிரி திடீர் வலி வந்து, தானாக அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடக்கூடாது. வெடித்த இடம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இன்னொரு காரணமும் உண்டு: வலி வந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இந்தக் கசிவு ஏறக்குறைய தப்பாமல் தெரிந்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் கரைந்து படத்தில் மங்கும். பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரும்.

வலி மெதுவாக வந்திருந்தாலும் நான் மாத்திரை தராத இன்னும் சில பேர்: தலைவலியோடு பேச்சு குழறுகிறவர், ஒரு பக்கம் மரத்துப்போனவர், பார்வை பாதி மறைகிறது என்கிறவர், வலிப்பு வந்தவர், தலையில் அடிபட்டவர், காய்ச்சலோடு கழுத்து விறைத்தவர். 50 வயதுக்கு மேல் வாழ்நாளில் முதல்முறையாகத் தலைவலி தொடங்கியிருக்கிறது என்று வருகிறவரையும் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

தலை சுத்துது, வாந்தி வருது, பின்மண்டை வலிக்குது. பித்தம்தானே?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கேட்கிறவர் மேல் இல்லை, பித்தத்தின் மேல். நம் ஊரில் எதற்கும் பித்தம். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்து, இஞ்சிச் சாறு குடித்து, இரண்டு நாள் கழித்து மயங்கியபின் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

தலைச்சுற்றல் பெரும்பாலும் காதுக்குள் வரும் கோளாறுதான், ஆபத்தில்லாதது. ஆனால் பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில் அடைப்போ கசிவோ வந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும்: திடீரென்று சுற்றல், வாந்தி, பின்தலையிலோ கழுத்திலோ வலி. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். சிரிக்கச் சொன்னால் கோணாமல் சிரிப்பார். வீட்டார் ஏமாந்துபோவது இதில்தான்.

நடக்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றுகொண்டு. காதுக் கோளாறுக்காரர் தள்ளாடினாலும் பெரும்பாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். சிறுமூளை அடிபட்டவர் பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாமல் ஒரு பக்கமாகச் சாயலாம். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா, சொல் தடிக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்று இருந்தாலும் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிடுங்கள். சிறுமூளை வீங்கினால் பக்கத்தில் மூச்சை நடத்தும் இடம் அழுந்தும், காத்திருக்க அவகாசமில்லை. இந்த வகை அடைப்பு ஆரம்பத்தில் சி.டி.யில் தெரியாமல் போவதும் உண்டு. "ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாலும் நடக்க முடியாதவரை வீட்டுக்குக் கூட்டி வராமல், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள்.

எனக்குப் பல வருஷமா ஒத்தைத் தலைவலி. அது பக்கவாதமா மாறுமா?

பொதுவாக மாறாது. ஆனால் சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி, வளைந்து வளைந்து கோலம் மாதிரி தெரியும். கை விரலில் ஆரம்பித்து முகம் வரை எறும்பு ஊர்கிற மாதிரி மெல்ல ஏறும். இது ஐந்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பரவி, தானாக விலகும். பக்கவாதம் பெரும்பாலும் இப்படிப் பரவாது. சுவிட்சை அணைத்த மாதிரி ஒரேயடியாகப் போகும்.

அப்படிக் கண்ணில் கோலம் தெரிகிற பெண்களுக்கு, அடைப்புப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இளவயதில் பக்கவாதமே அபூர்வம் என்பதால் இரண்டு மடங்கும் சின்ன எண்தான். ஆனாலும் மாலா-டி, மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் அவர்களுக்கு ஆகாது. வேறு வழி இருக்கிறது, டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

வழக்கமான ஒற்றைத் தலைவலியும் ஒருநாள் வழக்கத்துக்கு மாறாக வந்தால் அதைப் புதிய வலியாகவே நினைக்க வேண்டும்.

மக பிரசவிச்சு பத்து நாளாச்சு, தலைவலின்னு படுத்தே கெடக்கா. பச்சை ஒடம்புதானே, சரியாயிடுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் "டாக்டரிடம் போங்க" என்பதை இரண்டு முறை சொல்வேன்.

மூளையிலிருந்து ரத்தத்தை வடித்துக் கொண்டுபோகும் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைக்கும் ஒரு வகை உண்டு. வாய்க்கால் ஓடுகிறது, வடிகால் அடைத்துக்கொண்டது என்றால் வயல் என்ன ஆகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த வகையில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். பல நேரம் அது மட்டும்தான் முதல் அறிகுறி. நாளுக்கு நாள் கூடும். படுத்தால், இருமினால், முக்கினால் அதிகமாகும். பார்வை மங்கும், வாந்தி வரும், பிறகு வலிப்போ கைகால் தளர்ச்சியோ வரும். இளம்பெண்களுக்கு, அதிலும் பிரசவித்த சில வாரங்களில், அதிகம் வருகிறது.

பிரசவித்தவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், வயிறு பெருக்கும் என்று அளந்து அளந்து கொடுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். பத்தியம் காக்கிற பெரியம்மாக்களோடு சண்டை வேண்டாம். ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்த தாய்க்கும் தலைவலி வரும். அது உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் ஏறியும் தலை வலிக்கலாம். எது என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய வழியில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று. கோயில் திருவிழா, கல்யாணம் என்று "நாள் தள்ளிப்போட" மாத்திரை கேட்டு வருவார்கள். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடையில் கிடைக்கிறது என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அந்த ஹார்மோன் மாத்திரையும் சிலருக்கு ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடும். அதைச் சாப்பிடும்போது விடாத தலைவலி வந்தால், டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

தலைவலி இல்லைன்னா பிரஷர் இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. பிரஷர் 160 இருக்கும், ஆள் டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார். 180-க்கு 120 என்கிற மாதிரி மிக உயரத்துக்குப் போனால்தான் பலருக்குத் தலைவலி தெரியும். "தலைவலி போச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பவர்தான் என் கடையில் எனக்கு அதிகம் பயம் தருகிற வாடிக்கையாளர். மூளை ரத்தக்கசிவுக்கு முதல் காரணமே கட்டுப்படாத பிரஷர். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. என்னிடம் வாங்காவிட்டால் பரவாயில்லை, அதை வாங்கிச் சாப்பிடுங்கள்.

வெயில்ல வேலை செஞ்சா ஸ்ட்ரோக் வரும்ங்கிறாங்களே?

அது ஹீட் ஸ்ட்ரோக். பக்கவாதத்துக்கும் இங்கிலீஷில் ஸ்ட்ரோக் என்றே பெயர், அதனால் வந்த குழப்பம். அதில் உடம்பு அனலாகக் கொதிக்கும், ஆள் உளறுவார், மயங்குவார். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவும் உயிர் போகிற விஷயம்தான், ஆனால் வேறு நோய். வயலில் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் கை தளர்ந்தால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள்.

சலூன்ல கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தா ஆபத்தா?

எடுக்காதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் குழாயின் உள்சுவர் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைக்கலாம். எல்லாருக்கும் நடக்காது, நடந்தவருக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை. கழுத்தின் ஒரு பக்கத்தில் புதுவிதமான வலி, அதோடு தலைவலி, ஒரு இமை லேசாகத் தொங்குவது ஆகியவை இதன் அடையாளம். அடைப்பு வருவதற்குச் சில மணி நேரமோ சில நாளோ முன்பே இவை வரலாம்.

சந்தேகம் வந்துட்டா வீட்ல என்ன பண்றது?

மூன்று வேலை வைத்துப் பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் நீட்டி கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான் சொல்லச் சொல்வது "காவிரித் தண்ணி கடைமடைக்கு வந்துருச்சு". நம் ஊரில் யாருக்கும் தடங்காமல் வரும் வாக்கியம் அது, தடங்கினால் தெரிந்துவிடும். வாய் கோணினாலோ, கை இறங்கினாலோ, சொல் குழறினாலோ 108. செருப்பையும் பாருங்கள். வலது பக்க மூளை அடிபட்டால் தன் இடது பக்கம் ஒன்று இருப்பதே சிலருக்கு மனதில் பதியாது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள்.

தலைவலி மாத்திரை வேண்டாம். முக்கியமாக ஆஸ்பிரின் வேண்டாம். மாரடைப்புக்குக் கொடுக்கிறார்களே என்று கேட்பார்கள். உள்ளே அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் டாக்டருக்கே தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கும். பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதும் வேண்டாம், பிரஷர் சடாரென்று இறங்கினால் மூளைக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும். சோடா, கஞ்சி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்; விழுங்க முடியாதவருக்கு நுரையீரலுக்குள் போய்விடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். புறா ரத்தம் தடவுவதும் அப்படியே, புறாவுக்குத்தான் உயிர் போகும்.

வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கைக்கடிகாரம் பார்த்துத் தாளில் எழுதுங்கள். தூங்கி எழும்போதே இப்படி என்றால், தூங்கப் போன நேரத்தை எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்கு? எவ்வளவு நேரத்துக்குள்ள?

அடைப்பாக இருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் முதல் மணி நேரத்துக்கு இருக்கும் பலன் நாலாவது மணி நேரத்துக்கு இருக்காது. பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சையும் உண்டு. 6 மணி நேரம் வரையிலும், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். அது எல்லா ஊரிலும் கிடைக்காது.

எனவே சி.டி. ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். நம் பக்கத்துக்குத் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, கடலோரத்தாருக்கு 2022-இல் தொடங்கிய நாகப்பட்டினம் கல்லூரி இருக்கிறது. தெரிந்த கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினால் ஒரு மணி நேரம் போய்விடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திப் பழகியவர்களுக்கு நிமிஷத்தின் மதிப்பு தெரியும். கேட் நம் கையில் இல்லை, கிளம்புகிற நேரம் நம் கையில் இருக்கிறது. பைக்கில் நடுவில் உட்கார வைத்து மூன்று பேராகப் போகாதீர்கள். பாதி வழியில் நினைவு தப்பினால் மூவரும் விழுவீர்கள்.

பத்து நிமிஷம் கை விழுந்துச்சு, அப்புறம் சரியாப் போச்சு. இனி என்ன?

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைத்த கட்டி தானாக விலகியிருக்கிறது. அடுத்த இரண்டு நாளில் பெரிய அடைப்பு வருகிற ஆபத்து மிக அதிகம்.

பக்கவாதம் வந்து ஆறு மாசமாச்சு, இப்பத் தலைவலி வருது. திரும்பி வந்துருச்சா?

பெரும்பாலும் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் தலைவலி நீடிப்பது பலருக்கு உண்டு. தூக்கமின்மை, மனச்சோர்வு, தளர்ந்த தோளால் இழுபடும் கழுத்துத் தசை என்று காரணங்கள் பல. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டைபிரிடமோல் கலந்த மாத்திரை சாப்பிட்டால் ஆரம்ப நாட்களில் தலை வலிக்கும். வலிக்கிறது என்று தினமும் வலி மாத்திரை போட்டால், மாதத்தில் 10, 15 நாளைத் தாண்டும்போது அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். டைக்லோஃபெனாக் வகை வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துப் போட்டால் ரத்தப்போக்கு ஆபத்து. ஆனால் திடீரென்று, புதிதாக, பலமாக வந்தால் முதலில் சொன்னதேதான், 108.

அம்மனுக்கு வேண்டிக்கலாமா?

தாராளமாக. பங்குனியில் பாடைகட்டி மாரியம்மன் கோயிலில் உயிர் பிழைத்தவர்களைப் பாடையில் படுக்க வைத்துத் தூக்கி வரும் வேண்டுதலை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். செருப்பு கழன்ற அந்த அம்மாவும் குடமுருட்டி ஆற்றில் குளித்து, ஈரப்புடவையோடு பாடையில் படுத்து வந்தார். எழுந்தபோது இடது கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. வேண்டுதலை ஆம்புலன்சில் போகும்போதே வேண்டிக்கொண்டாராம் அவர் கணவர்.

ராத்திரி கடை மூடியிருந்தா தட்டலாமா, அண்ணே?

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்துக்குத் தட்டுங்கள், எழுந்து வருகிறேன். கை விழுந்தவருக்காக, கட்டையால் அடித்த மாதிரி தலை வலிக்கிறவருக்காகத் தட்டாதீர்கள். நான் ஷட்டரைத் தூக்குகிற நேரத்தில் வண்டி பாபநாசம் தாண்டியிருக்கும்.